கியர் பாக்ஸுக்கும் பொருத்தம் பார்க்கணும்!

ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவருக்கு உலகத்திலேயே பிடிக்காத வாக்கியம் எது தெரியுமா? 'இன்கம்டாக்ஸ்லேர்ந்து வந்திருக்கோம்' அல்ல. 'கியர் பாக்ஸ் போச்சு சார்!'

லிவரை 'டி'யில் போடுகிறீர்கள். ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறீர்கள். எஞ்சின் உறுமுகிறது. வண்டி மட்டும் திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூடம் போக மறுக்கிற பையன் மாதிரி நின்ற இடத்திலேயே நிற்கிறது. பின்னால் பஸ்காரர் ஹாரன் அடிக்கிறார். ஆட்டோக்காரர் ஜன்னல் பக்கம் வந்து உங்கள் பரம்பரையை விசாரிக்கிறார்.

ஒருவழியாக வண்டியை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனால், புது கியர் பாக்ஸுக்கு எஸ்டிமேட் தருகிறார்கள். அந்தத் தாளைக் கொடுப்பதற்கு முன்னால், "உட்காருங்க சார், தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்பார்கள். ஏன் கேட்டார்கள் என்பது தொகையைப் பார்த்ததும் புரியும்.

அந்த நேரம் பார்த்துத்தான் தெருமுனை மெக்கானிக் காதோடு சொல்வார். "எதுக்கு சார் அவ்ளோ செலவு? இதே மாதிரி வண்டி ஒண்ணு ஆக்ஸிடென்ட்ல அடிபட்டு காயலான் கடைக்கு வந்திருக்கு. அதோட பாக்ஸைத் தூக்கி இதுல மாட்டிடலாம். ஒரே வாரம்!"

மாட்டலாமா?

பேஷாக மாட்டலாம். ஒரு காலத்தில் உலகத்தின் மிகப் பெரிய கார் கம்பெனியாக இருந்த ஜெனரல் மோட்டார்ஸே மாட்டியிருக்கிறது. அதுவும் பணக்காரர்களின் காடிலாக் காரில்! அதே கம்பெனி இருபத்து சொச்சம் வருஷம் கழித்து அதே மாதிரி வேலையைச் செய்து, கோர்ட் படியும் ஏறியிருக்கிறது. முதல் தடவை எல்லோரும் சரி என்றார்கள், இரண்டாவது தடவை வழக்குப் போட்டார்கள். ஏன் என்பது தெரிந்தால், உங்கள் மெக்கானிக்குக்கு என்ன பதில் சொல்வது என்பதும் தெரிந்துவிடும்.

இரண்டு மின்விசிறிக் கதை

கதைக்குள் போவதற்கு முன்னால், அந்தப் பெட்டிக்குள் என்னதான் நடக்கிறது?

இரண்டு டேபிள் ஃபேனை எதிரெதிரே வையுங்கள். ஒன்றை மட்டும் போடுங்கள். அது தள்ளும் காற்றில் மற்றதும் சுற்ற ஆரம்பிக்கும், இல்லையா? காற்றுக்குப் பதில் எண்ணெய், ஃபேனுக்குப் பதில் இறக்கைச் சக்கரங்கள். அதுதான் டார்க் கன்வெர்ட்டர். ஒரு சக்கரம் எஞ்சினோடு சுற்றும். அது தள்ளிவிடும் எண்ணெய் மற்றச் சக்கரத்தைச் சுற்றும். நடுவில் கிளட்ச் பெடல் கிடையாது. சிக்னலில் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தாலும் வண்டி நிற்பது இதனால்தான்.

அதற்குப் பின்னால் சூரியனைச் சுற்றும் கிரகங்கள் மாதிரி ஒன்றை ஒன்று சுற்றும் பல்சக்கரங்கள். எந்தச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துவது, எதை விடுவது என்பதைச் சின்னச் சின்ன கிளட்ச் பிளேட்டுகள் செய்கின்றன. அவற்றை அழுத்துவதும் எண்ணெய்தான். எந்தக் குழாயில் எப்போது எண்ணெய் போகணும் என்று முடிவு செய்ய வால்வுகள். அந்த வால்வுகளுக்கு உத்தரவு போட இன்றைய கார்களில் ஒரு கம்ப்யூட்டர்.

ஆக, வேலையைச் செய்வதும் எண்ணெய், குளிர வைப்பதும் எண்ணெய், வழுக்காமல் பிடிப்பதும் எண்ணெய். அது கெட்டால் எல்லாம் கெட்டது.

தீயில் போன தொழிற்சாலை

இந்த மாதிரி முழு ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸை முதன்முதலில் பெரிய அளவில் தயாரித்து விற்றது ஜெனரல் மோட்டார்ஸ்தான். பெயர் ஹைட்ராமேட்டிக். 1940ஆம் வருஷ மாடல் ஓல்ட்ஸ்மொபைல் காரில் வந்தது. நான்கு கியர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க டாங்கிகளுக்குள்ளும் போய் உட்கார்ந்தது. போர் முடிந்த பிறகு போட்டிக் கம்பெனியான ஃபோர்டே தன்னுடைய லிங்கன் காருக்கு இதை விலை கொடுத்து வாங்கியது. எதிர்த்த ஹோட்டலில் மாவு வாங்கி நம் ஹோட்டலில் தோசை ஊற்றுவது மாதிரி! அவ்வளவு கிராக்கி.

அத்தனை கியர் பாக்ஸும் டெட்ராய்ட் நகரத்துக்குப் பக்கத்தில், லிவோனியா என்ற ஊரில் ஒரே தொழிற்சாலையில் தயாராயின. சுமார் 34 ஏக்கர் பரப்பு, ஒரே கூரை. நடுவில் தீயைத் தடுக்கச் சுவர் கிடையாது.

1953 ஆகஸ்ட் 12. பிற்பகல். வெல்டிங் வேலையில் தெறித்த ஒரு பொறி, கன்வேயருக்குக் கீழே இருந்த எண்ணெய்த் தட்டில் விழுந்தது. பற்றிக்கொண்டது. கூரைக்குப் பூசியிருந்த தார் உருகிச் சொட்ட, தீ ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஓடியது. ஆறு பேர் உயிரிழந்தார்கள். தொழிற்சாலை தரைமட்டம். அதுவரை அமெரிக்கா பார்த்த தொழிற்சாலைத் தீ விபத்துகளிலேயே மிகப் பெரிய சேதம் இதுதான் என்றார்கள்.

அடுத்த நாள் காலை நிலைமையை யோசித்துப் பாருங்கள். காடிலாக், ஓல்ட்ஸ்மொபைல், போன்டியாக் தொழிற்சாலைகளில் கார்கள் வரிசையாக வருகின்றன. எஞ்சின் இருக்கிறது, பாடி இருக்கிறது, பெயின்ட் கூட பளபளக்கிறது. கியர் பாக்ஸ் மட்டும் இல்லை. மாப்பிள்ளை, மண்டபம், சாப்பாடு எல்லாம் ரெடி... தாலியைக் காணோம்!

சின்னத் தம்பி வீட்டிலிருந்து கடன்

ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு கூட்டுக் குடும்பம். ஷெவர்லே, போன்டியாக், ஓல்ட்ஸ்மொபைல், ப்யூக், காடிலாக் என்று ஐந்து பிள்ளைகள். ஒரே வீடு, ஆனால் தனித்தனி அடுப்பு. அதில் ப்யூக்கும் ஷெவர்லேயும் ஹைட்ராமேட்டிக்கை நம்பாமல் சொந்தமாக ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் செய்துகொண்டிருந்தன. ப்யூக்கின் பாக்ஸுக்கு டைனாஃப்ளோ என்று பெயர். 1948 மாடலில் வந்தது. ஷெவர்லேயின் பாக்ஸ் பவர்கிளைடு. 1950 மாடலில் வந்தது.

சங்கடம் வந்ததும் குடும்பம் கூடியது. காடிலாக்குக்கும் ஓல்ட்ஸ்மொபைலுக்கும் ப்யூக்கின் டைனாஃப்ளோ. போன்டியாக்குக்கு ஷெவர்லேயின் பவர்கிளைடு. வீட்டிலேயே விலை குறைந்த கார் ஷெவர்லே. அந்தச் சின்னத் தம்பியிடம் போய் அண்ணன் போன்டியாக் கடன் வாங்கும்படி ஆயிற்று. அவசரத்துக்குப் பாவமில்லை.

ஆனால் சும்மா தூக்கி மாட்டிவிட முடிந்ததா? அங்கேதான் விஷயம் இருக்கிறது. ப்யூக், ஷெவர்லே இரண்டிலும் கியர் பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் தண்டு ஒரு பெரிய குழாய்க்குள் மூடியிருக்கும். காடிலாக்கிலும் போன்டியாக்கிலும் அந்தத் தண்டு திறந்தபடி சுற்றும். அதனால் கியர் பாக்ஸின் வால் பக்கமே வேறு மாதிரி. எஞ்சினோடு சேரும் முகப்பு வேறு. அத்தனையையும் எஞ்சினீயர்கள் உட்கார்ந்து மாற்றிக் கொடுத்த பிறகுதான் கார்கள் வெளியே வந்தன.

ஓட்டத்திலும் வித்தியாசம் இருந்தது. ஹைட்ராமேட்டிக் நான்கு கியர் மாறும். ஒவ்வொரு முறை மாறும்போதும் லேசாக ஒரு குலுக்கல். டைனாஃப்ளோ சாதாரண ஓட்டத்தில் கியரே மாற்றாது. எல்லாவற்றையும் டார்க் கன்வெர்ட்டரே பார்த்துக்கொள்ளும். பாயசத்தில் நழுவும் முந்திரி மாதிரி வழவழவென்று போகும். ஆனால் கிளம்பும்போது சோம்பேறி. பெட்ரோலுக்கும் தாகம் அதிகம். பவர்கிளைடுக்கு மொத்தமே இரண்டு கியர்.

ஆனாலும் வாங்கியவர்கள் மோசம் போய்விட்டோம் என்று நினைக்கவில்லை. தொழிற்சாலை எரிந்ததும், எந்தக் காருக்கு எந்தப் பெட்டி போகிறது என்பதும் ஊருக்கே தெரிந்த செய்தி. 'வேண்டுமானால் வாங்கு, இல்லையென்றால் பொறு' என்று முகத்துக்கு நேரே சொன்ன வியாபாரம். இரண்டாம் உலகப் போரில் குண்டு வீச்சு விமானங்கள் தயாரித்த வில்லோ ரன் என்ற தொழிற்சாலையை ஜெனரல் மோட்டார்ஸ் பிடித்தது. ஏறத்தாழ மூன்று மாதத்தில் ஹைட்ராமேட்டிக் மறுபடி அங்கிருந்து வர ஆரம்பித்துவிட்டது.

இரண்டாவது தடவை ஏன் வழக்கு?

1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. பெட்ரோலை மிச்சம் பிடிக்கணும் என்றால் காரின் எடையைக் குறைக்கணும். அதே ஜெனரல் மோட்டார்ஸ் 1976 மாடலில் ஷெவர்லே ஷெவெட் என்று ஒரு சின்னக் காரைக் கொண்டுவந்தது. கூடவே எடை குறைந்த ஒரு ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸும் வந்தது. அதன் பெயரில் 200 என்ற எண் இருக்கும். பெரிய கார்களில் அதுவரை பேர் வாங்கியிருந்த பாக்ஸின் பெயரில் 350.

1976 முதல் 1979 வரையிலான மாடல்களில், 350 இருக்க வேண்டிய பெரிய கார்கள் பலவற்றில் 200 போய் உட்கார்ந்தது. வாங்கியவர்கள் கொதித்தார்கள். "சின்னக் காருக்காகச் செய்த பெட்டியை எங்கள் பெரிய காரில் மாட்டிவிட்டீர்கள். சீக்கிரமே பழுதாகிறது. இதை எங்களிடம் சொல்லவே இல்லையே!" என்பது அவர்கள் குற்றச்சாட்டு. ஊர் கூடி வழக்குப் போட்டார்கள்.

இதே காலகட்டத்தில் 1977 மாடல் ஓல்ட்ஸ்மொபைல்களில் ஷெவர்லே எஞ்சின் இருந்ததும் வெளிவந்தது. சிகாகோ பக்கத்து வாடிக்கையாளர் ஒருவர் ரிப்பேருக்கு விட, ஓல்ட்ஸ்மொபைலுக்கு உரிய ஸ்பேர் பார்ட்ஸ் பொருந்தவில்லை. அதன் பிறகுதான் குட்டு உடைந்தது. ஸ்பேர் பார்ட்டுக்குப் பொய் சொல்லத் தெரியாது பாருங்கள்!

கியர் பாக்ஸ் வழக்கில் 1981இல் சிகாகோ மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு முக்கியமான விஷயத்தைச் சொன்னது. விற்பனைத் தாளில் வண்டியைப் பற்றி வர்ணித்திருந்தால் மட்டும், அது வாரன்டிச் சட்டம் சொல்லும் 'எழுத்து மூலமான வாரன்டி' ஆகிவிடாது என்றது. அந்தப் பாயின்ட்டில் கம்பெனிக்கு வெற்றி. வழக்கு பின்னால் சமரசத்தில் முடிந்தது. கோர்ட்டில் ஜெயித்த பாயின்ட், வாங்கியவர்களின் வயிற்றெரிச்சலை அணைத்ததா என்பது வேறு விஷயம்.

கம்பெனி ஒன்று, காரியமும் ஒன்றுதான். ஒரு காரின் கியர் பாக்ஸ் இன்னொரு காருக்குப் போயிற்று. முதல் தடவை ஊரறியப் போயிற்று. இரண்டாவது தடவை வாங்கினவருக்குத் தெரியாமல் போயிற்று.

இப்போது உங்கள் மெக்கானிக்கிடம் வருவோம்.

முதலில், உயிர் இருக்கிறதா பாருங்கள்

'பாக்ஸ் போச்சு' என்று சொல்லும் எல்லா வண்டியிலும் பாக்ஸ் போயிருப்பதில்லை. எண்ணெய் குறைந்தாலும் வண்டி நகராது. ஒரு சோலினாய்டு வால்வு, ஒரு சென்ஸார், ஒரு வயர், ஏன், பேட்டரி சோர்ந்துபோனால்கூட கம்ப்யூட்டர் பயந்துபோய் ஒரே கியரில் முரண்டு பிடிக்கும். தலைவலிக்குத் தலையை மாற்ற வேண்டாம்!

ஸ்கேனர் போட்டுக் கோளாறு எண்களை எடுக்கச் சொல்லுங்கள். எண்ணெயைக் கொஞ்சம் வெள்ளைத் துணியில் விட்டுப் பாருங்கள். டார்க் கன்வெர்ட்டர் வகை பாக்ஸில் பெரும்பாலும் சிவப்புச் சாயம் கலந்த எண்ணெய்தான் ஊற்றுவார்கள். அது கறுத்து, தீய்ந்த வாசனை அடித்தால் கிளட்ச் பிளேட்டுகள் கருகியிருக்கின்றன என்று அர்த்தம். துணியில் உலோகத் தூள் மினுமினுத்தால் நிலைமை இன்னும் மோசம்.

உங்களுடையது எந்த வகை என்பதும் முக்கியம். நம் ஊரில் 2014இல் மாருதி செலரியோவில் வந்து பிரபலமான ஏ.எம்.டி. இருக்கிறதே, அது உண்மையில் சாதாரண கியர் பாக்ஸ்தான். உங்கள் இடது காலும் இடது கையும் செய்கிற வேலையை ஒரு இயந்திரம் செய்கிறது, அவ்வளவே. அதில் பெரும்பாலும் அந்த இயந்திரமோ கிளட்ச்சோதான் தகராறு செய்யும். பெட்டியையே மாற்ற அவசரப்படாதீர்கள். சி.வி.டி. என்றால் உள்ளே பல்சக்கரங்களுக்குப் பதில் ஒரு பெல்ட்டும் இரண்டு கப்பிகளும். எண்ணெயும் வேறு.

இன்னொன்று. நின்றுபோன ஆட்டோமேட்டிக் வண்டியைக் கயிறு கட்டி இழுக்காதீர்கள். எஞ்சின் ஓடினால்தான் உள்ளே எண்ணெய் பம்ப் ஓடும். எஞ்சின் நின்ற வண்டியின் சக்கரம் மட்டும் சுற்றினால், உள்ளே எண்ணெயில்லாமல் உராய்ந்து பாதி உயிர் முழு உயிராகப் போகும். லாரியில் ஏற்றிக் கொண்டுபோவதே உத்தமம்.

பொருத்தம் பார்க்கும் படலம்

சரி, பாக்ஸ் நிஜமாகவே போய்விட்டது. சென்னை புதுப்பேட்டைக்குப் போகிறீர்கள். சந்து சந்தாக, மலை மலையாகக் கார் உதிரி பாகங்கள் குவிந்திருக்கும் இடம். "அண்ணே, சூப்பர் பாக்ஸ்ணே! நேத்துதான் இறக்கினது!" என்பார் கடைக்காரர். கல்யாணத் தரகரும் அப்படித்தானே சொல்வார்? நாம்தான் ஜாதகம் பார்க்க வேண்டும்.

முதல் பொருத்தம், எஞ்சின். அதே மாடல் காராக இருந்தால் மட்டும் போதாது. பெட்ரோலா டீசலா, எத்தனை சி.சி., எந்த வருஷம்? பெட்ரோல் எஞ்சினைவிட டீசல் எஞ்சினுக்கு இழுவை அதிகம். அதைத் தாங்கப் பிறக்காத பெட்டி, 1976 அமெரிக்கர்களின் கதையை உங்கள் வீட்டு வாசலில் நடத்திக் காட்டும். பெட்டி மேல் ஒட்டியோ பொறித்தோ இருக்கும் எண்ணும் எழுத்தும் பழைய பெட்டியோடு ஒத்துப்போக வேண்டும்.

இரண்டாவது, உடம்புப் பொருத்தம். எஞ்சினோடு சேரும் போல்ட் துளைகள், பெட்டியைத் தாங்கும் ரப்பர் மவுன்ட், சக்கரத்துக்குப் போகும் தண்டின் நீளம். 1953இல் எஞ்சினீயர்கள் மண்டையை உடைத்துக்கொண்ட சமாசாரம் இது.

மூன்றாவது, பல் விகிதம். வெளியே ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பெட்டிக்குள் பல்லின் கணக்கு வேறாக இருக்கலாம். மாட்டிவிட்டால் ஓடும். ஆனால் எஞ்சின் ஒன்று சொல்ல, சக்கரம் ஒன்று செய்ய, மைலேஜ் போகும், இழுவை போகும்.

நான்காவதுதான் ரஜ்ஜுப் பொருத்தம். இது இல்லாவிட்டால் மற்றது எல்லாம் இருந்தும் கல்யாணம் இல்லை. கம்ப்யூட்டர்! இன்றைய பெட்டிகளுக்கு எஞ்சின் கம்ப்யூட்டரோடு பேசத் தெரிய வேண்டும். சில வண்டிகளில் புதிதாக வந்த பெட்டியைக் கம்ப்யூட்டருக்கு அறிமுகம் செய்துவைத்தால்தான் கியர் ஒழுங்காக மாறும். அதற்கான கருவி மெக்கானிக்கிடம் இருக்கிறதா என்று முன்னாலேயே கேளுங்கள். மாட்டிவிட்டு "அது மட்டும் எங்ககிட்ட இல்ல சார்" என்றால் தலையில் கை வைக்க வேண்டியதுதான்.

ஐந்தாவது, பூர்வீகம். அந்தப் பெட்டி எந்த வண்டியில் இருந்தது? பின்னாலிருந்து மோதி நொறுங்கிய வண்டி என்றால் பெட்டிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்றால்? 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனை கார்கள் மூழ்கின என்று நமக்குத் தெரியும். எண்ணெயோடு தண்ணீர் கலந்தால் கிளட்ச் பிளேட்டின் மேல்பூச்சு உரிந்துவரும். வெளியே துடைத்து வைத்தால் கண்ணுக்குத் தெரியாது. அடியில் இருக்கும் நட்டைத் திறந்து கொஞ்சம் எண்ணெய் விடச் சொல்லுங்கள். பாலில் கலந்த ஸ்ட்ராபெர்ரி மாதிரி இளஞ்சிவப்பாகக் கலங்கி வந்தால், "அப்புறம் வரேண்ணே" என்று நடையைக் கட்டுங்கள்.

மாட்டும்போது கவனியுங்கள்

நல்ல பெட்டியையும் கெடுக்க இரண்டு தப்பு போதும்.

ஒன்று: டார்க் கன்வெர்ட்டர் பெட்டிக்குள் முழுசாக உட்காராமல் இருக்கும்போதே போல்ட்டை முறுக்குவது. சுற்றிச் சுற்றித் தள்ளினால் அது 'டக்... டக்' என்று படிப்படியாக உள்ளே இறங்கும். கடைசிப் படி இறங்குமுன் முறுக்கினால் எண்ணெய் பம்ப் உடையும். வண்டி வொர்க்ஷாப்பை விட்டு வெளியே வருவதற்குள் இரண்டாவது பெட்டியும் காலி!

இரண்டு: எண்ணெயைக் குளிர வைக்கும் கூலரையும் அதன் குழாய்களையும் கழுவாமல் விடுவது. பழைய பெட்டி செத்தபோது துப்பிய தூளெல்லாம் அங்கேதான் தேங்கியிருக்கும். புது மருமகள் வந்த முதல் நாளே பழைய சண்டையை ஆரம்பிப்பது மாதிரி, அது நேராகப் புதுப் பெட்டிக்குள் போகும். கழுவ வேண்டும்; முடியாவிட்டால் கூலரையே மாற்ற வேண்டும்.

எண்ணெய் விஷயத்தில் 'எல்லாம் ஒண்ணுதான் சார்' என்ற பேச்சே கூடாது. அந்தப் பெட்டிக்கு அதைச் செய்தவர் எந்த எண்ணெய் சொன்னாரோ அதுதான்.

கடைசியாக ஒரு காகிதம்

எஞ்சின் நம்பர் ஆர்.சி.யில் இருக்கும். கியர் பாக்ஸ் நம்பர் இருக்காது. ஆகவே உங்கள் வண்டியில் எந்தப் பெட்டி இருக்கிறது என்பதற்கு உலகத்தில் ஒரே சாட்சி, உங்கள் கையில் இருக்கும் பில்தான். பெட்டியின் எண், எந்த மாடல் வண்டியிலிருந்து வந்தது, எத்தனை மாதம் கியாரன்டி, கியாரன்டியில் மாட்டும் கூலி சேர்த்தியா இல்லையா... எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். "நம்மகிட்ட எதுக்கு சார் பில்லு?" என்று அன்பாகக் கேட்பார்கள். அன்பாகவே வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்குத் தகராறு வந்து நுகர்வோர் கமிஷனுக்குப் போனாலும், முதலில் அந்தக் காகிதத்தைத்தான் கேட்பார்கள்.

பிறகு ஒரு நாள் அந்தக் காரை விற்பீர்கள். வாங்க வருபவர் ஓட்டிப் பார்ப்பார், ஏ.சி. போட்டுப் பார்ப்பார், டயரை உதைத்துப் பார்ப்பார். கியர் பாக்ஸ் வேறு வண்டியில் பிறந்தது என்பது அவருக்குத் தெரிய வழியே இல்லை. அந்த பில்லை எடுத்து அவர் கையிலும் கொடுத்துவிடுங்கள். விலையில் கொஞ்சம் குறைத்துக் கேட்பார். கேட்கட்டுமே!